சீன மொழிக்காரருக்கு ‘கூல்’ சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் அறையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பேக்கரி, கிடங்கு, முதியோர் இல்லம் என்று ஆளுக்கொரு இடம். இலக்கணத்தில் சிலர் என்னைவிடக் கெட்டி. பள்ளியில் வருடக்கணக்கில் எழுதி எழுதிப் பழகியவர்கள். சறுக்குவதெல்லாம் சின்னச் சின்னப் பேச்சுச் சொற்களில்தான். அதில் ‘கூல்’ என்ற ஒரு சொல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சீனத் தோழி “கொஞ்சம் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடேன்” என்று கேட்டிருக்கலாம். இணையத்தில் தைவான் மாணவர் ஒருவர் கிடைத்திருக்கலாம். அப்படிப் புதிதாக இறங்குகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று கேட்டால், ஆமாம். இரண்டு வருடம் இதைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முதலில், அவர்களிடம் இருக்கும் ‘கூ’வைத் தெரிந்துகொள்ளுங்கள்

கரும்பலகையில் ‘கூல்’ என்று எழுதியதும் வகுப்பு முழுக்கத் தலையாட்டும். “கூ! கூ!” என்பார்கள். சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் ‘கூ’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை ஒலியால் இரவல் வாங்கியது. தைவானில் முதலில் புழங்கி, 1990களில் சீனப் பெருநிலத்து இளைஞர்களிடம் பரவியது. ‘யோவ்கூ’ என்ற சீனக் காணொளித் தளத்தின் பெயரிலும் அந்தக் ‘கூ’தான் இருக்கிறது. எனவே மாணவருக்கு இது புதுச் சொல்லே இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஒலியை எழுத அவர்கள் எடுத்துக்கொண்ட எழுத்து பழையது. அதன் இடப்பக்கம் மதுச் சாடியைக் குறிக்கும் உறுப்பு. கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட பழைய அகராதி ஒன்று அதற்கு மதுவின் அடர்ந்த சுவை என்று பொருள் சொல்கிறது. பிறகு அது ‘கடும்’, ‘கொடும்’ என்று திரிந்தது. சித்திரவதைக்கான சொல்லிலும் அந்த எழுத்து உண்டு. கொடூரத்துக்கான சொல்லிலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், வெயில் மண்டையைப் பிளக்கும் கோடையை அவர்கள் ‘கூ ஷு’ என்பார்கள். அங்கேயும் அதே எழுத்துதான். கத்திரி வெயிலுக்கும் ‘கூல்’ ஆசாமிக்கும் ஒரே எழுத்து.

இன்றைய பேச்சில் ‘கூ’ என்றால் என்ன? நம்மூர்ச் சொல்லில் சொன்னால் கெத்து. கறுப்பு ஜாக்கெட், சிரிக்காத முகம், அளந்து பேசும் வாய். ‘ஜுவாங் கூ’ என்றால் கெத்துக் காட்டுவது, சீன் போடுவது. இது ஆங்கிலக் ‘கூல்’ என்ற பெரிய வீட்டில் ஒரு சின்ன அறை மட்டும். மாணவர் அந்த அறையையே முழு வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்றால், “அவர் கூலான ஆசிரியர்” என்று ஆங்கிலத்தில் யாராவது சொன்னால், இவர் மனதில் வந்து நிற்பது முறைத்துப் பார்க்கும் ஒரு விறைப்பான ஆள். சொன்னவர் நினைத்ததோ சிடுசிடுப்பே இல்லாமல் சகஜமாகப் பழகும், வீட்டுப்பாடம் ஒரு நாள் தள்ளிப்போனால் “பரவாயில்லை” என்று விடும் ஒருவரை. ஏறக்குறைய நேர் எதிர்.

அதனால் முதல் வகுப்பில் “கூல் என்றால் கூ” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாணவர் உற்சாகமாகச் சொன்னாலும் மறுக்க வேண்டாம். “அதுவும் உண்டு, கடைசியில் வருவோம்” என்று தள்ளிப்போடுங்கள்.

‘சரி’யிலிருந்து தொடங்குங்கள்

அகராதி வரிசைப்படி போனால் ‘இளங்குளிர்ச்சி’ முதலில் வரும். புத்தகத்துக்கு அது சரி. ஆனால் வேலைக்குப் போகிற ஆள் ஒரு நாளில் காதில் வாங்கும் ‘கூல்’ பெரும்பாலும் குளிரைப் பற்றியதும் அல்ல, கெத்தைப் பற்றியதும் அல்ல. வெறும் ‘சரி’.

“நாளைக்கு ஒன்பது மணிக்குப் பதில் ஏழு மணிக்கு வர முடியுமா? இஸ் தட் கூல்?”

“நான் சாப்பாடு வாங்கி வருகிறேன்.” “கூல்.”

“நீ இந்தப் பக்கம் பார்த்துக்கொள், நான் அந்தப் பக்கம்.” “ஐ ஆம் கூல் வித் தட்.”

மூன்றிலும் பாராட்டு எதுவும் இல்லை. சம்மதம், ஒப்புதல், அவ்வளவுதான். சீனக் ‘கூ’வுக்கு இந்த வேலை தெரியவே தெரியாது. அதற்கு அவர்களிடம் வேறு சொற்கள்: ‘கெயி’, ‘ஷிங்’, ‘ஹாவ் ட’. ஆக, இந்தப் பாடத்தில் ‘கூல்’ என்றால் ‘கெயி’ என்றே எழுதிப் போடுங்கள். கண்கள் விரியும்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு இது இன்னும் எளிது. ‘கெயி’யை அப்படியே ஆங்கிலமாக்கி ‘கேன்’ என்று சொல்லித்தான் இந்த ஊரே ஓடுகிறது. கோப்பிக்கடை அங்கிள் முதல் வங்கி ஊழியர் வரை “கேன், கேன்”. வெளிநாட்டு மேலாளர் ‘கூல்’ என்று சொல்லும் இடத்தில் உள்ளூர்க்காரர் ‘கேன்’ என்பார் என்று ஒரு வரி சொன்னால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

பயிற்சியாக, இருவர் இருவராக உட்கார வைத்து ஒருவர் சின்னச் சின்ன மாற்றங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: நேரத்தை மாற்றலாமா, இடத்தை மாற்றலாமா, காசை அடுத்த வாரம் தரட்டுமா. மற்றவர் ‘கூல்’ சொல்லியோ சொல்லாமலோ பதில் தர வேண்டும். காசு கேள்விக்கு மட்டும் யாரும் ‘கூல்’ சொல்வதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

‘வித்’ என்ற ஒட்டைத் தனியாகக் காட்டுங்கள். “டூ யூ கூல்?” என்று கேட்பார்கள், “ஆர் யூ கூல் வித் தட்?” என்பதை ஒரே மூச்சில், ஒரே சொல்லாக வாயில் பழக்கிவிடுவது மேல். இலக்கணம் விளக்கப் போனால் நேரம்தான் போகும்.

மன்னிப்புக்குப் பதிலாக வரும் ‘இட்ஸ் கூல்’

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் ஒருவருக்குக் கை சுட்டது. உண்மையாகவே சுட்டது.

என் வகுப்புக்கு வரும் ஒரு அக்கா பேக்கரியில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் அடுப்பு மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. பன் தட்டு வெளியே வரும்போது ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. மேற்பார்வையாளர் தட்டை மேசையில் வைத்தார். அக்கா பதறிப்போய் “சாரி, சாரி” என்றிருக்கிறார். நல்ல மனிதர் போலிருக்கிறது. கையை அசைத்து, “இட்ஸ் கூல், இட்ஸ் கூல்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அக்காவுக்குப் பள்ளியில் படித்த பொருள் நினைவுக்கு வந்தது: குளிர்ந்தது, ஆறியது. தட்டு ஆறிவிட்டது, எடுத்து வை என்று சொல்கிறார் என்று புரிந்துகொண்டு வெறுங்கையால் தட்டைப் பிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று விரலில் கட்டுடன் வந்து, “லாவ்ஷ, அவர் ஏன் பொய் சொன்னார்?” என்று என்னைக் கேட்டார். ‘லாவ்ஷ’ என்றால் ஆசிரியர். நான் அதற்கு முந்தைய மாதம்தான் ‘கூல்’ நடத்தி முடித்திருந்தேன். கெத்து, குளிர்ச்சி என்று இரண்டு பொருள் சொல்லிக் கொடுத்து, நன்றாகத்தான் நடத்தினேன் என்ற நினைப்பில் வேறு இருந்தேன்.

இங்கே ‘இட்ஸ் கூல்’ என்றால் ‘பரவாயில்லை’. சீனத்தில் ‘மேய் ஷ’ அல்லது ‘மேய் குவான் ஷி’. எப்படி இனம் காண்பது? ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: நீங்கள் ‘சாரி’ சொன்ன அடுத்த கணம் வருகிற ‘கூல்’, பொருளைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது. “இட்” என்ற சொல் தட்டைக் காட்டுகிறது என்றுதான் இலக்கணம் படித்தவருக்குத் தோன்றும். இங்கே அது எதையும் காட்டவில்லை. நடந்ததை மொத்தமாகச் சுட்டுகிறது.

“வீ ஆர் கூல்” என்பதையும் இதனுடனே சேர்த்துவிடலாம். சண்டை போட்ட இருவர் “நமக்குள்ள ஒண்ணுமில்லை” என்று சொல்லிக்கொள்வது அது.

கூடவே வேலையிடத்துக்கான ஒரு எச்சரிக்கையும்: அடுப்பு, இயந்திரம், இரசாயனம் பக்கத்தில் இருக்கும்போது ‘கூல்’ காதில் விழுந்தால், தொடும் முன் “கேன் டச்?” என்று ஒரு தடவை கேட்டுவிடச் சொல்லுங்கள். இலக்கணம் எப்படியிருந்தால் என்ன, விரல் முக்கியம்.

‘ஐ ஆம் கூல்’ என்றால் ‘வேண்டாம்’

விருந்தில் இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று கேட்டால் சிலர் “ஐ ஆம் கூல்” என்பார்கள். ‘போதும், வேண்டாம்’ என்று பொருள். நேரே மொழிபெயர்த்தால் ‘நான் பெரிய கெத்து’ என்று தன்னைத்தானே புகழ்ந்துகொண்டது போல இருக்கும். என் மாணவர் ஒருவர் அப்படித்தான் நினைத்து, “சாப்பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். இதைப் புரிந்துகொண்டால் போதும், பயன்படுத்தச் சொல்ல வேண்டாம். ‘நோ, தேங்க்ஸ்’ எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

‘தட்ஸ் நாட் கூல்’: கோபத்தின் மெல்லிய வடிவம்

வரிசையில் குறுக்கே புகுந்தவனைப் பார்த்து ஒருவர் “தட்ஸ் நாட் கூல்” என்கிறார். மாணவர் இதை ‘கெத்தாக இல்லை’ என்று எடுத்துக்கொள்வார். சட்டை நன்றாக இல்லை என்று சொன்னதுபோல. உண்மையில் அது கண்டிப்பு. ‘இது முறையில்லை’, ‘இப்படிச் செய்யலாமா’ என்ற தொனி. சீனத்தில் இதற்குப் பொருத்தமானது ‘குவோ ஃபன்’, அளவு மீறிவிட்டாய் என்ற பொருளில்.

வெள்ளைக்கார மேலாளர் குரலை உயர்த்தாமல், முகத்தில் சிரிப்புகூட மாறாமல் இதைச் சொல்லக்கூடும். அதனால்தான் இது ஆபத்து. குரலில் சூடு இல்லை என்று மாணவர் அதைக் கடந்துவிடுவார். சொன்னவர் மனதில் குறித்துக்கொள்வார். என் வகுப்பில் இதை நடித்தே காட்டுவேன். ஒருவருடைய பேனாவைக் கேட்காமல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். வகுப்பு ஒரே குரலில் “நாட் கூல்!” என்று கத்த வேண்டும். வகுப்பிலேயே உற்சாகமான இடம் இது.

குளிர்ச்சி: இங்கே தமிழர் நமக்கே ஒரு பொறி

இப்போது அகராதியின் முதல் பொருளுக்கு வரலாம். சீனத்தில் ‘லங்’ என்றால் குளிர், உடம்பு நடுங்கும் குளிர். ‘லியாங் குவாய்’ என்றால் இதமான குளிர்ச்சி. சிங்கப்பூரில் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ஆங்கிலத்தில் ‘கோல்ட்’ முதலாவது, ‘கூல்’ இரண்டாவது. இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல் கச்சிதமாகப் பொருந்துவதால் மாணவர்கள் இதில் தடுமாறுவதில்லை.

தடுமாறுவது நாம். தமிழில் குளிர்ச்சி என்றாலே நல்லது. கண் குளிரப் பார்த்தோம், மனம் குளிர்ந்தது, வயிறு குளிர வாழ்த்தினார்கள். இந்த நினைப்பில் நான் ஒரு தடவை, மனம் குளிர்வதுதான் ‘கூல்’ என்று விளக்கப் போனேன். வகுப்பு முகம் சுளித்தது. சீனத்தில் ‘மனம் லியாங்’ ஆகிவிட்டது என்றால் நம்பிக்கை போய்விட்டது, மனம் விட்டுப்போய்விட்டது என்று பொருள். நாம் மகிழ்ச்சிக்குச் சொல்வதை அவர்கள் ஏமாற்றத்துக்குச் சொல்கிறார்கள். இணையப் பேச்சில் ‘லியாங் ல’ என்றால் ‘கதை முடிந்தது’, நம் ‘ஊத்திக்கிச்சு’. எனவே நமது உவமைகளைக் கொண்டுபோய் அங்கே இறக்க வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் இரு பக்கமும் கைகோக்கலாம். உடம்புக்குச் சூடு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று உணவைப் பிரிக்கும் பழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. இளநீர், நுங்கு என்று நாம் சொன்னால் அவர்கள் செவ்வந்திப்பூத் தேநீர் என்பார்கள். ‘லியாங் ச்சா’, அதாவது குளிர்ச்சித் தேநீர், என்றே ஒரு வகை மூலிகைப் பானம் உண்டு. ஆவி பறக்கும் கோப்பையை நீட்டி, “திஸ் டீ வெரி கூல்” என்று ஒரு மாணவி எனக்குத் தந்தார். அவர் சொல்ல வந்தது ‘உடம்புக்குக் குளிர்ச்சி’. இதற்குச் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ‘கூலிங்’ என்று சொல்வார்கள், ‘கூல்’ அல்ல. ஊரை விட்டு வெளியே போனால் ‘கூலிங்’ என்றாலும் புரியாது, ஒரு வாக்கியம் விளக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நம்மூர்க் ‘கூல் டிரிங்க்ஸ்’. சோடா, கலர் வகையறாவை அப்படிச் சொல்வது நமக்கு அத்துப்படி. மாணவரிடம் பழக்கிவிடாதீர்கள், அவர் போகிற இடங்களில் அதற்கு ‘சாஃப்ட் டிரிங்க்’ என்பார்கள்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் ‘கூல்’ பாராமுகத்தைக் குறிக்கலாம். “ஷி வாஸ் கூல் டுவர்ட்ஸ் மீ” என்றால் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பொருள். சீனத்தில் ‘லங் தான்’. ஒட்டுச் சொல் மாறினால் பொருள் எப்படிக் கவிழ்கிறது பாருங்கள்: ‘கூல் வித் தட்’ சம்மதம், ‘கூல் டுவர்ட்ஸ் மீ’ பிணக்கு. இது வாசிப்பில்தான் அதிகம் வரும். ஒரு எடுத்துக்காட்டுப் போதும்.

இப்போது பாராட்டு

இவ்வளவுக்கும் பிறகு ‘கூ’வை உள்ளே விடலாம்.

பாராட்டுப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நிமிடம் சொன்னால் மீதி எல்லாம் ஒரு கயிற்றில் கோத்ததுபோல ஆகும். சூடாகாமல், பதறாமல் இருப்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் பழையது. அதைப் பாராட்டுச் சொல்லாக ஊரெங்கும் கொண்டுபோனதில் 1940களின் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே என்ன கொதித்தாலும் மேடையில் நிதானம் குலையாத நடை, உடை, வாசிப்பு. நிதானம் அழகானது, அழகு ‘அருமை’ ஆனது, நிதானமானவர் எதற்கும் மல்லுக்கு நிற்க மாட்டார் என்பதால் ‘பரவாயில்லை’, ‘சரி’ எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. மாணவருக்கு இந்த நிதானத்தைக் குறிக்க ‘லங் ஜிங்’ என்ற சொல் தெரியும். அதிலும் ‘லங்’ என்ற குளிர் இருக்கிறது, அதிசயமாக நல்ல பொருளில். அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். நம் பேச்சுத் தமிழிலும் “டென்ஷன் ஆகாத, கூலா இரு” என்று இதே பொருளில்தான் சொல்கிறோம்.

ஆங்கிலத்தில் பாராட்டுக் ‘கூல்’ மனிதருக்கு மட்டும் அல்ல. யோசனை, செயலி, பாட்டி பின்னிய கம்பளி, புழு எப்படிப் பட்டுநூல் விடுகிறது என்ற தகவல், எதற்கும் சொல்லலாம். சீனக் ‘கூ’ இவ்வளவு தாராளம் இல்லை. அவர்கள் இந்த இடங்களில் ‘லீஹாய்’ என்பார்கள், அல்லது ‘நியோவ்’. ‘நியோவ்’ என்றால் மாடு. அசத்திவிட்டான் என்பதற்கு மாடு! நாம் ‘மாஸ்’, ‘வேற லெவல்’ என்பதுபோல. வகுப்பில் மாடு படம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் ‘கூல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக அறைக்குள் வருபவர்கள் மிருகக் காட்சிசாலை வகுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாக்கியத்தில் ஒரு தவறு நிச்சயமாக வரும்: “ஹீ வெரி கூல்.” சீனத்தில் ‘அவன் ஹன் கூ’ என்பார்கள். ‘ஹன்’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘மிகவும்’ என்று இருக்கும். ஆனால் பாதி நேரம் அதற்கு அந்த எடை கிடையாது, பெயரையும் பண்பையும் ஒட்டும் பசைதான் அது. ‘இஸ்’ போன்ற ஒன்று அங்கே தேவையில்லை. நமக்கும் தேவையில்லை: ‘அவன் நல்லவன்’, அவ்வளவுதான். பள்ளியில் “ஹீ குட் பாய்” என்று எழுதிக் குட்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தவறு புரியும். திருத்தும்போது ‘வெரி’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ஸை வைக்கச் சொல்லுங்கள். “ஹீ இஸ் கூல்.” அழுத்தம் வேண்டுமென்றால் ‘சோ கூல்’, ‘ரியலி கூல்’. ‘வெரி கூல்’ தவறில்லை, ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் வகுப்பறை வாசனை அடிக்கும்.

கேள்வி ஒன்று வரும்: “கூல் நல்லது என்றால் ஹாட் கெட்டதா?” இல்லை. இந்தப் பேச்சு வழக்கில் இரண்டும் எதிர்ச்சொற்கள் அல்ல. ஆளைப் பார்த்து ‘ஹாட்’ என்றால் உடல் கவர்ச்சி என்ற பொருள் வந்துவிடும். வேலையிடத்தில் அந்தச் சொல்லை உணவுக்கும் வெயிலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரிய தொகையை அழுத்திச் சொல்ல ‘எ கூல் மில்லியன்’ என்பது, ‘கீப் யுவர் கூல்’ என்று பெயர்ச்சொல்லாக வருவது எல்லாம் தொடக்கநிலையில் வேண்டாத சுமை.

உச்சரிப்பு

மாண்டரின் அசைகள் உயிரில் முடியும்; இல்லாவிட்டால் ‘ன்’, ‘ங்’, அல்லது நாக்கு மடிந்த ஒரு ரகர ஒலி. ‘ல்’ என்று முடியும் அசையே கிடையாது. அதனால் ‘கூல்’ அவர்கள் வாயில் ‘கூ’ என்றோ ‘கூ-ஓ’ என்றோ நிற்கும். ல், ள், ழ் என்று மூன்று வைத்துக்கொண்டு புழங்கும் நமக்கு இது ஏன் வரவில்லை என்று எரிச்சல் வரும். பொறுமை.

அசையின் தொடக்கத்தில் ‘ல’ அவர்களுக்கு நன்றாக வரும். ‘லங்’, ‘லியாங்’ எல்லாம் அப்படித்தானே? அதனால் ‘கூலிங்’ என்று சொல்லச் சொல்லுங்கள். தடையில்லாமல் வரும். பிறகு ‘இங்’கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டியபடி நின்றுவிட வேண்டும். கைக்கண்ணாடி ஒன்று கொடுத்தால் இன்னும் எளிது.

தேய்க்கும் வழியில் ‘கூலி’யில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன், வகுப்பில் சிரிப்பு. மாண்டரினில் ‘கு-லி’ என்று ஒரு சொல் இருக்கிறது: கசப்பு, வலிமை என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தது, மூட்டை தூக்கும் உடலுழைப்பாளியைக் குறிப்பது. ஆங்கிலத்தின் வழியே அங்கே போன சொல். அதன் வேர் நம் ‘கூலி’தான் என்று சொல்பவர்களும் உண்டு. துறைமுகங்களில் இரண்டு இனத்துக்கும் ஒட்டிய வசைச்சொல். அன்றைக்கு உச்சரிப்புப் பாடம் அங்கேயே நின்று, யார் யார் தாத்தா எங்கே மூட்டை தூக்கினார் என்று பேச்சுப் போய்விட்டது.

முதல் எழுத்தில் கதை தலைகீழ். ஆங்கிலக் ‘கூல்’ ஒரு மூச்சுக்காற்றோடு தொடங்கும். மாண்டரினின் ‘கூ’வும் அப்படியே. தமிழ்க் ககரத்தில் அந்தக் காற்று இல்லை. உதட்டுக்கு முன்னால் மெல்லிய டிஷ்யூ ஒன்றைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்: மாணவருடைய தாள் படபடக்கும், நம்முடையது அசையாது. இந்த எழுத்தில் அவரைப் பார்த்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொனி, அதாவது ஒரு சொல்லுக்குள் குரல் ஏறி இறங்கும் விதம். ‘கூ’ மாண்டரினின் நான்காம் தொனியில் வரும் சொல்; மேலிருந்து கீழே வெட்டி இறங்கும். அதே பழக்கத்தில் ஆங்கிலக் ‘கூல்’லையும் வெட்டினால், “நேற்று என் மகள் முதன்முதலாக நடந்தாள்” என்று பூரித்துச் சொன்னவருக்கு “ம், போதும்” என்று பதில் சொன்னதுபோல விழும். மகிழ்ச்சிக்கு இழுக்க வேண்டும், ‘கூ...ல்’ என்று. சம்மதத்துக்கு இழுவை வேண்டாம், மட்டமாக, இலேசாக. இரண்டையும் மாறி மாறிச் சொல்லி, எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தொனியில் ஊறிய காது. இதில் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள்.

எங்கே வாயைத் திறக்கக் கூடாது

நேர்முகத் தேர்வில் சம்பளம் சொல்லும்போது ‘கூல்’ வேண்டாம். மருத்துவர் பரிசோதனை முடிவைச் சொல்லும்போது வேண்டாம். வாடிக்கையாளர் புகார் சொல்லும்போது வேண்டவே வேண்டாம். ‘சரி’ என்ற பொருளில் பழகிவிட்ட மாணவர்தான் இங்கே மாட்டுவார். ஒருவர் தன் முதலாளி “நாளைக்கு வரமாட்டேன், அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்” என்று அனுப்பிய செய்திக்கு ‘கூல்’ என்று பதில் போட்டுவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டினார். ‘ஹாவ் ட’ என்று சீனத்தில் அடக்கமாகப் பதில் போடும் இடம் அது. சொல்லை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார். அன்றைக்கே உட்கார்ந்து ‘சாரி டு ஹியர் தட்’ என்ற நான்கு சொல்லை எல்லோர் கைப்பேசியிலும் சேமித்து வைத்தோம்.

சந்தேகம் வந்தால் ‘ஓகே’. ‘ஓகே’க்கு இந்த வம்பெல்லாம் குறைவு.

கடைசியாக, சோதனை

வகுப்பில் தேர்வு வைத்தால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். தேர்வு எழுதுவதில் அவர்களை வெல்ல முடியாது. அதனால் இரண்டு வாரம் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் சோதியுங்கள். நான் வகுப்புக் குழுவில் ஒரு செய்தி அனுப்புவேன்: “தீபாவளி வருகிறது, இந்த வாரம் வகுப்பை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளலாமா? கூல்?”

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ‘கேன்’ என்று போட்டார்கள். இரண்டு பேர் கட்டைவிரல். ஒருவர் சனிக்கிழமை வெயிலாக இருக்கும் என்று வானிலைப் படம் அனுப்பினார். அவருக்கு மட்டும் ‘சரி’ பாடத்தை மறுபடி எடுத்தேன். பேக்கரி அக்கா ‘கூல்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாடு படம் போட்டிருந்தார்.